அவோராகியின் உச்சி: 3764, 3754, 3724

கேள்வி இது: “நியூசிலாந்தின் மிக உயரமான மலை மவுண்ட் குக். பழைய அட்லஸில் அதன் உயரம் 3764 மீட்டர் என்று இருக்கிறது. வீட்டில் உள்ள இன்னொரு புத்தகத்தில் 3754. இப்போது தேடினால் 3724 என்று வருகிறது. 1991இல் பாறை சரிந்து 10 மீட்டர் குறைந்தது என்று படித்தேன். அப்படியென்றால் மீதி 30 மீட்டர் எங்கே போனது? அன்று அங்கே நிலநடுக்கம் வந்ததா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிலநடுக்கம் வரவில்லை. பெருமழையும் பெய்யவில்லை. கோடைக்கால நள்ளிரவில், தள்ளிவிட யாரும் எதுவும் இல்லாமல், மலை தானாகவே சரிந்தது. உயரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் பார்த்த மூன்று எண்களில் எதுவும் அச்சுப் பிழை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு காலகட்டத்தைச் சேர்ந்தது. ‘ஒரே இரவில் மலை 10 மீட்டர் குட்டையானது’ என்ற வரிதான் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. எனக்கு அந்த வரி போதவில்லை. அந்த இரவில் தொடங்கியது அந்த இரவிலேயே முடியவில்லை என்பதுதான் இந்த விஷயத்தில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

முதலில் இடத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்கு முதுகெலும்பு மாதிரி ஓடுவது தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர். அதன் நடுவில், 1953இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் இந்த மலை இருக்கிறது. பூங்காவின் பரப்பு சுமார் 700 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி பாறையும் பனியும்தான். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இந்த மலைக்கு வைத்த பெயர் அவோராகி. 1851இல் ஸ்டோக்ஸ் என்ற கடற்படைக் கேப்டன், கடற்பயணி ஜேம்ஸ் குக்கின் நினைவாக மவுண்ட் குக் என்று பெயர் வைத்தார். 1998இல் தெற்குத் தீவின் மாவோரி இனமான ஙாய் தாஹு மக்களுக்கும் அரசுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, ‘அவோராகி/மவுண்ட் குக்’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள், மாவோரிப் பெயரை முன்னால் வைத்து.

சுற்றுலாப் படங்களில் நாம் பெரும்பாலும் பார்ப்பது புகாக்கி ஏரியின் கரையிலிருந்து எடுத்த காட்சி. அது மலையின் தெற்குப் பக்கம். சரிந்தது கிழக்கு முகம். அந்தச் செங்குத்தான சுவருக்குக் கீழே, சுமார் 2200 மீட்டர் உயரத்தில், ‘கிராண்ட் பிளாட்டோ’ என்ற அகலமான பனிச் சமவெளி விரிந்திருக்கிறது. அதன் ஓரத்தில் மலையேறிகள் தங்குவதற்கு ‘பிளாட்டோ ஹட்’ என்ற குடில் உண்டு. சமவெளியின் விளிம்பிலிருந்து பனி உடைந்து உடைந்து, உறைந்த அருவி போலக் கீழே இறங்குகிறது. அதற்கு ஹோக்ஸ்டெட்டர் பனியருவி என்று பெயர். அது போய்ச் சேருவது டாஸ்மன் பனியாற்றில். நாட்டிலேயே மிக நீளமான பனியாறு அது.

1991 டிசம்பர் 14, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். நியூசிலாந்துக்கு டிசம்பர் கோடை, மலையேற்றம் மும்முரமாக நடக்கும் மாதம். அந்த மலையில் ஏறுபவர்கள் நடு இரவிலேயே எழுந்து புறப்படுவது வழக்கம். இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும், கால் புதையாது. வெயில் ஏறிய பிறகு பனி இளகி, மேலிருந்து கல்லும் கட்டியும் விழத் தொடங்கும். அன்றிரவும் பிளாட்டோ குடிலில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டது பெரும் முழக்கம். இருட்டில் அவர்கள் கண்ணில் பட்டது, பாறைகள் ஒன்றோடொன்று மோதித் தெறித்த தீப்பொறிகள். சரிவு அந்தக் குடிலிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிக் கடந்து போனது. ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. கொஞ்சம் திசை மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

விழுந்த பாறையின் அளவு சுமார் 1 கோடியே 20 லட்சம் கன மீட்டர் என்று பின்னர் கணக்கிட்டார்கள். இந்த எண்ணை வெறுமனே படித்தால் மனதில் எதுவும் தோன்றாது. வீடு கட்டும்போது ஜல்லியை யூனிட் கணக்கில் வாங்குவோம் இல்லையா, ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. அந்தக் கணக்கில் இது 40 லட்சம் யூனிட்டுக்கும் மேல். இதுவும் பாறை மட்டும்தான். வரும் வழியில் வாரிக்கொண்ட பனியையும் பனிக்கட்டியையும் சேர்த்தால் இதைப்போலப் பல மடங்கு.

அது போன வழி இது: கிழக்கு முகத்திலிருந்து கிராண்ட் பிளாட்டோ, அங்கிருந்து ஹோக்ஸ்டெட்டர் பனியருவி வழியாக டாஸ்மன் பனியாறு, பனியாற்றின் குறுக்கே ஓடி எதிர்க்கரை. அங்கேயும் உடனே நிற்காமல், எதிர்ச்சரிவில் கொஞ்சம் ஏறிய பிறகுதான் ஓய்ந்தது. மொத்தம் சுமார் 7.5 கிலோமீட்டர். இறங்கிய உயரம் 2700 மீட்டருக்கு மேல். எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய இரண்டு நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மலையிலிருந்து கல் விழுவது வேறு, இது வேறு. தனித்தனிக் கற்கள் விழுந்தால் அவை துள்ளும், உருளும், அடிவாரத்தில் குவியலாகத் தங்கிவிடும். ஆனால் ஒரு மலைமுகமே கழன்று வரும்போது, உள்ளே பாறைகள் ஒன்றையொன்று நொறுக்கித் தூளாக்கிக்கொண்டே வருகின்றன. பெரிய பாளங்கள், சிறு கற்கள், மாவு போன்ற தூள், பனி எல்லாம் கலந்து, கெட்டியான பொருளாக இருந்தது வெள்ளம் போல ஓடத் தொடங்குகிறது. சரிவில் சாதாரணமாகச் சறுக்கி வரும் பாறை, தான் இறங்கிய உயரத்தைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு தூரத்துக்குள் நின்றுவிடும். இது ஓடியதோ சுமார் இரண்டே முக்கால் மடங்கு. ஆங்கிலத்தில் இந்த வகைச் சரிவை ‘ராக் அவலாஞ்ச்’ என்று தனிப் பெயரிட்டு அழைப்பது இதனால்தான். தமிழில் பாறைப் பெருஞ்சரிவு என்று சொல்லலாம். ‘பாறை விழுந்தது’ என்று எழுதினால் நடந்ததன் அளவு பிடிபடுவதில்லை.

நிலநடுக்கம் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். நிலநடுக்கமானிகளில் அன்று அதிர்வு பதிவானது உண்மை. 3.9 ரிக்டர் நிலநடுக்கத்துக்கு இணையான அதிர்வு. ஆனால் அது மலை விழுந்ததால் உண்டான அதிர்வு. எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் குழப்பம் வருகிறது.

சரி, யாரும் தள்ளாமல் எப்படி விழுந்தது? இந்த இடத்தில்தான் மலையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அவோராகி எரிமலை இல்லை. கருங்கல் மலையும் இல்லை. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடியில் படிந்த மணலும் சேறும் இறுகி உண்டான பாறை அது. அதற்குக் கிரேவாக்கி என்று பெயர். கடினமான பாறைதான். ஆனால் நிலத்தகடுகளின் நெருக்கலில் மடிந்து, நெளிந்து, நொறுங்கி, எங்கு பார்த்தாலும் விரிசல். கையில் எடுத்த துண்டு உறுதியாக இருக்கும், முழு மலைமுகம் உறுதியாக இருக்காது. நல்ல செங்கல்லைக் கலவை பூசாமல் அடுக்கிய சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுவர் ஓயாமல் உயர்ந்துகொண்டும் இருக்கிறது. பசிபிக் தகடும் ஆஸ்திரேலியத் தகடும் முட்டிக்கொள்ளும் எல்லை இந்தத் தீவின் ஊடாகப் போகிறது. அதனால் மலைத்தொடர் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலே தள்ளப்படுகிறது. இன்னொரு பக்கம் பனியாறுகள் அடிவாரத்தைக் குடைந்து குடைந்து சரிவைச் செங்குத்தாக்கிவிட்டன. விரிசலில் இறங்கும் நீர் உறையும்போது விரிகிறது, உருகும்போது இன்னும் ஆழமாக இறங்குகிறது, மறுபடி உறைகிறது. ஒவ்வொரு முறையும் விரிசல் ஒரு மயிரிழை அகலமாகிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள்.

இதில் காரணம் வேறு, தூண்டுதல் வேறு. சரிவதற்கான காரணங்கள் எல்லாம் முன்பே சேர்ந்துவிட்டன. கடைசியாக ஒரு தூண்டுதல் இருந்தே ஆக வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். நிலநடுக்கமோ மழையோ இருந்தால் நம் மனம் சமாதானம் அடைகிறது. ஆனால் பாறைக்குள் பிடிப்பு தளர்ந்துகொண்டே போய், தாங்கும் வலு பாரத்துக்குக் கீழே இறங்கும் ஒரு நொடி வரும். அந்த நொடிக்கு வெளியிலிருந்து எந்த உதவியும் தேவையில்லை. அந்த நொடி ஓர் அமைதியான இரவில் வந்தது, அவ்வளவுதான்.

இதே மலைத்தொடரில் மறுவகைக்கும் உதாரணம் இருக்கிறது. 1929 மார்ச் 9 அன்று ஆர்தர்ஸ் பாஸ் பகுதியில் சுமார் 7 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் வந்தது. அதில் ஒரு மலையின் முகம் அப்படியே கழன்று விழுந்தது. அவோராகியில் விழுந்ததைப்போல நாலு மடங்குக்கும் மேல், சுமார் 5.5 கோடி கன மீட்டர். அந்த மலைக்குப் பெயரே ‘ஃபாலிங் மவுண்டன்’ ஆகிவிட்டது. ஆர்தர்ஸ் பாஸ் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டதும் அதே 1929இல்தான். அங்கே நிலநடுக்கம் தள்ளியது, இங்கே தள்ளுவதற்கு ஆள் இல்லை. முடிவு இரண்டிலும் ஒன்றே.

இனி உயரத்துக்கு வருவோம். சரிவுக்கு முன் புத்தகங்களில் இருந்தது 3764 மீட்டர், பழைய அளவில் 12,349 அடி. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்த எண் அது. சரிவில் கிழக்கு முகத்தோடு உச்சியின் ஒரு பகுதியும் போனது. சுமார் 10 மீட்டர் குறைந்ததாக மதிப்பிட்டு 3754 என்று எழுதினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த எண்தான் புழக்கத்தில் இருந்தது. உங்கள் வீட்டுப் புத்தகம் அந்தக் காலத்தில் அச்சானதாக இருக்கும்.

அப்புறம் 2013 நவம்பரில் ஒடாகோ பல்கலைக்கழகத்தின் நில அளவைக் குழு ஒன்று, ஜிபிஎஸ் கருவிகளோடு ஆட்களை மேலே அனுப்பி அளந்தது. வான்வழிப் படங்களை வைத்துப் பாஸ்கல் சிர்கே என்ற ஆய்வாளர் ஏற்கெனவே செய்திருந்த கணக்கில், 3754 பொருந்தாமல் இடித்துக்கொண்டே இருந்தது. ஜிபிஎஸ் அளவும் அவர் கணக்கையே உறுதி செய்தது. 2014 ஜனவரியில் அறிவித்தார்கள்: 3724 மீட்டர்.

ஆக, 10 மீட்டர் போன இரவு உலகச் செய்தியானது. 30 மீட்டர் போனது யாருக்கும் தெரியவில்லை.

அந்த 30 மீட்டர் எங்கே போனது என்பதற்கு அந்தக் குழு சொன்ன விளக்கம் எளிமையானது. அவோராகியின் உச்சி வெறும் பாறை இல்லை, அதன் மேல் தடிமனான பனிக்கட்டித் தொப்பி ஒன்று உட்கார்ந்திருந்தது. 1991இல் அதற்கு அடியில் இருந்த பாறையின் ஒரு பக்கம் போய்விட்டது. மிஞ்சியது கத்தி முனை மாதிரி ஒரு முகடு. அதன் மேல், அகலமான பழைய உச்சிக்கு ஏற்ற அளவில் வளர்ந்திருந்த பனி. தலை இளைத்துவிட்டது, தொப்பி பழைய அளவிலேயே நின்றது. புதிய முகட்டால் அவ்வளவு பனியைத் தாங்க முடியவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் பனி கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கரைந்து, புதிய வடிவத்துக்கு ஏற்ற உயரத்துக்கு இறங்கியது. சரிவுக்குப் பின் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது இது புலப்பட்டது. பருவநிலை மாற்றம்தான் காரணமாக இருக்கும் என்று நமக்கு முதலில் தோன்றும். ஆனால் இந்த 30 மீட்டருக்குப் பெரும்பாலும் காரணம் மலையின் வடிவம் மாறியதுதான் என்று அவர்களே தெளிவாகச் சொன்னார்கள். உருகும் பனியைப் பற்றி எனக்கும் கவலை உண்டு. ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் கட்டிவிடாமல், இந்த இடத்தில் இது இல்லை என்று சொன்ன அவர்களுடைய நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அதனால்தான் 1991 டிசம்பர் 14ஐ முடிந்துபோன ஒரு தேதியாக என்னால் நினைக்க முடியவில்லை. இரண்டு நிமிடத்தில் நடந்தது சிறு பங்கு, பெரும்பங்கு சத்தமே இல்லாமல் இருபது ஆண்டுகளில் நடந்தது. அந்த ஆண்டுகளில் உச்சிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு உயரத்தைத் தொட்டிருக்கிறார்கள். யாருக்கும் அது தெரிந்திருக்காது.

இவ்வளவு குறைந்தும் நாட்டின் உயரமான மலை என்ற பெயர் போகவில்லை. அடுத்ததான மவுண்ட் டாஸ்மன் 3497 மீட்டர்தான். ஆனால் அவோராகிக்கு ஒரே முகட்டில் மூன்று உச்சிகள் உண்டு. அவற்றில் நடு உச்சிக்குக் கொடுக்கப்படும் உயரம் 3717. ஒரு காலத்தில் தலை உச்சி அதைவிட 47 மீட்டர் ஓங்கி நின்றது. இப்போது வித்தியாசம் வெறும் 7 மீட்டர்.

போன உயரம் திரும்ப வருமா என்றும் ஒருவர் கேட்கலாம். மலை ஆண்டுக்கு 5 மில்லிமீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொண்டால், அன்றிரவு போன 10 மீட்டரை மட்டும் ஈடுகட்ட 2000 ஆண்டுகள் ஆகும். அதுவும் இடையில் எதுவும் விழாமல் இருந்தால். விழாமல் இருக்காது. 1992இல் அதே மலைத்தொடரில் மவுண்ட் ஃபிளெட்சர் ஒரே ஆண்டில் இரண்டு முறை சரிந்தது. 2013 ஜனவரியில் மவுண்ட் டிக்ஸனிலிருந்து ஒரு பெருஞ்சரிவு இதே கிராண்ட் பிளாட்டோவில் வந்து விழுந்தது. 2014 ஜூலையில் அவோராகியின் இன்னொரு பக்கத்தில், ஹிலாரி முகட்டிலிருந்து பாறை சரிந்து, கீழே இருந்த கார்டினர் குடிலைச் சேதப்படுத்தியது. எட்மண்ட் ஹிலாரி 1948இல் மூன்று பேரோடு சேர்ந்து முதன்முதலில் ஏறிய தெற்கு முகடு அது. எவரெஸ்டுக்குப் போவதற்கு முன் அவர் பழகிய மலைகளில் அவோராகியும் ஒன்று. சரிவு நடந்த அடுத்த ஆண்டே, 1992இல், நியூசிலாந்தின் ஐந்து டாலர் தாளில் ஹிலாரியின் முகமும் இந்த மலையும் சேர்ந்தே அச்சானது.

ஙாய் தாஹு மக்களின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. வானத் தந்தை ராகியின் பிள்ளைகள் அவோராகியும் அவன் தம்பிகளும். ஒரு படகில் ஏறிக் கடலுக்கு வந்தார்கள். திரும்பிப் போக மந்திரம் சொன்னபோது அது பிசகிவிட்டது. படகு ஒரு திட்டில் முட்டிச் சாய்ந்தது. தண்ணீருக்குத் தப்ப, சாய்வின் உயரமான பக்கம் ஏறினார்கள், அங்கேயே உறைந்து கல்லானார்கள். படகு தெற்குத் தீவு ஆனது. எல்லாரையும்விட உயரமான அண்ணன் அவோராகி மலையானான். அந்த மக்களுக்கு அவன் மூதாதை, உச்சி அவன் தலை. மாவோரி மரபில் தலை புனிதமானது. அதனால்தான் மலை ஏறுபவர்களிடம், உச்சியின் கடைசி நுனியில் மட்டும் கால் வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். பலர் அதை மதித்து, ஓரடி கீழேயே நின்று திரும்புகிறார்கள். சாய்ந்த படகின் மேல் நின்று உறைந்தவன் என்ற கதையைக் கேட்டபின் கிழக்கு முகத்தின் படங்களைப் பார்க்கும்போது, அவன் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றும்.

விழுந்த பாறை என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டாஸ்மன் பனியாற்றின் மேல் பரவிய குவியலைப் பனியாறு தன் முதுகில் சுமந்து மெல்ல மெல்லக் கீழே கொண்டுவருகிறது. பனியாற்றின் முனையில் 1970களுக்கு முன் ஏரியே கிடையாது, இப்போது கிலோமீட்டர் கணக்கில் நீண்ட ஏரி. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க அது வளர்கிறது. பனிக்கடியில் அரைபட்ட பாறை, முகப்பவுடர் போல நைசான தூளாகி, ஏரி நீரோடும் ஆற்றோடும் இறங்கிப் புகாக்கி ஏரியில் கலக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் வியக்கும் அந்தப் பால் கலந்த நீல நிறம், நீரில் மிதக்கும் அந்தத் தூளின் மேல் வெளிச்சம் படுவதால் வருவது. புகாக்கிக் கரையில் நின்று மலையைப் படம் எடுப்பவர்களின் காலடியில் மலையும் கொஞ்சம் இருக்கிறது.

உங்கள் அட்லஸில் 3764 என்று இருப்பதை அடிக்க வேண்டாம். பக்கத்தில் 1991 வரை என்று பென்சிலால் எழுதி வையுங்கள்.